கணக்கைத் திறந்து வைத்தால்தான் ஸ்டாம்பிங்: ஹெச்-1பி விசாவும் அந்தரங்கமும்

போன டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். என் அக்கா மகன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய ஒரு ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைய மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. புதிதாகப் போடலாம் என்றால் ஓடிபி போகிற எண் பழைய ஏர்செல் எண். ஏர்செல் 2018-லேயே மூடியாகிவிட்டது, அந்த சிம் எங்கே என்று அவனுக்கே தெரியாது, எண்ணும் இந்நேரம் வேறு யார் கைக்காவது போயிருக்கும். "அதுல அப்படி என்னடா எழுதி வச்சிருக்க?" என்று அக்கா கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, ஜல்லிக்கட்டு சமயத்துல மெரினால எடுத்த போட்டோ நாலஞ்சு போட்டிருப்பேன்." "அப்ப அதை எடுத்துடேன்." "உள்ளயே போக முடியலைங்கறேன். எடுத்தாலும், ஏன் எடுத்தன்னு கேட்டா?" அக்கா அதற்கு மேல் பேசவில்லை.

அவன் டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறான், ஹெச்-1பி விசாவில், அதாவது படித்த வெளிநாட்டவரை அமெரிக்க நிறுவனங்கள் தற்காலிகமாக வேலைக்கு எடுக்கும் விசாவில். ஸ்டாம்பிங்குக்காக மூன்று வார லீவில் வந்திருந்தான். ஸ்டாம்பிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவுக்குள் தங்கி வேலை செய்ய அனுமதி ஒன்று, வெளியே போய்விட்டுத் திரும்ப நுழைவதற்கு பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா இன்னொன்று. முதலாவது கையில் இருந்தாலும் இரண்டாவது காலாவதியாகியிருந்தால், ஊருக்கு வந்தவர் இங்கே இருக்கும் தூதரகத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டுதான் திரும்ப முடியும். முன்பெல்லாம் டிராப்பாக்ஸ் என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சிலர் மெக்சிகோவிலோ கனடாவிலோ போய் ஒட்டிக்கொண்டு வருவார்கள், அதே மாதம் அந்த வழியையும் அடைத்து, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது அடுத்த அறிவிப்பு. டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி விண்ணப்பிக்கிறவர்களும், அவர்களைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் போகும் மனைவி, கணவர், பிள்ளைகளும் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். கணக்குகளைப் பார்வையிட நேரம் வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு எடுக்கும் நேர்காணல்களின் எண்ணிக்கை குறைந்தது, இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களின் தேதி மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போனது. என் அக்கா மகனுக்கும் அப்படித்தான். மூன்று வாரத்துக்கு வந்தவன் மூன்று மாதம் இங்கே உட்கார்ந்திருந்தான்.

ஹெச்-1பி பற்றி நம் ஊரில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேலை, சம்பளம், லாட்டரி, டாலர் என்றுதான் பேசுகிறார்கள். அமெரிக்காவிலும் அந்த விவாதம் அங்கேயேதான் சுற்றுகிறது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. முதலாளியிடம் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிற ஒரு ஆளிடம், இப்போது அவருடைய பேச்சையும் நட்பையும் குடும்பப் படங்களையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள். இந்த ஏற்பாடு யாரையும் பாதுகாக்கவில்லை என்பது என் எண்ணம். அதை விளக்க, முதலில் அந்த விசா எப்படி ஆனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹெச்-1பி-யை உருவாக்கியது 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், மூத்த புஷ் கையெழுத்திட்டது. ஆண்டுக்கு 65,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். டாட்காம் காலத்தில் ஆள் போதவில்லை என்று 1,15,000 ஆக்கினார்கள், 2001 முதல் 2003 வரை 1,95,000. நம் ஊரில் தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி மையம் முளைத்ததும், ஒய்2கே வேலைக்கென்று ஆட்கள் விமானம் ஏறியதும் அந்தச் சமயம்தான். 2004-ல் மறுபடி 65,000-க்கு இறங்கியது, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தனியாக 20,000 சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை மாறவே இல்லை. ஐபோன் வருவதற்கு முன்னால் போட்ட கணக்கை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

இந்த விசாவுக்கு மனு போடுவது வேலைக்குப் போகிறவர் கிடையாது, நிறுவனம்தான் போடும். மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஆறு ஆண்டு, கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்துவிட்டால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். வேலை போய்விட்டால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், இல்லை என்றால் வீட்டைக் காலி செய்து, காரை விற்று, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு வாங்கலாமே என்றால் அங்கேதான் பெரிய அடைப்பு. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுதான், குடும்பத்தாரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள், அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகாது. ஐஸ்லாந்துக்கும் 7 சதவீதம், இந்தியாவுக்கும் 7 சதவீதம். அங்கீகரிக்கப்படும் ஹெச்-1பி-க்களில் பத்தில் ஏழு இந்தியர்களுக்குப் போகும்போது வரிசை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2025 இறுதியில் இபி-2 என்ற உயர்கல்விப் பிரிவில் இந்தியர்களுக்கு 2013-ல் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் சேர்ந்த தேதி, வைத்திருந்தவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் ஒரு ஆள் மேலாளரிடம் குரலை உயர்த்தாமல், சம்பளம் குறைவு என்று வெளியே சொல்லாமல், எதற்கும் ஒத்துப்போய்க்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. இதை அனுபவித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேலைப் பளுவைப் பற்றிப் பேசமாட்டார்கள், அந்த வாயடைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அமெரிக்கத் தொழிலாளர்களின் குறையையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் அதை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆர்லாண்டோவில் டிஸ்னியின் கணினிப் பிரிவிலிருந்து சுமார் 250 பேரை நீக்கியது 2015-ல் பெரிய செய்தியானது. அவர்களில் பலர், கிளம்புவதற்கு முன்னால், தங்கள் இடத்துக்கு வந்த ஆட்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் இந்திய சேவை நிறுவனம் வழியாக ஹெச்-1பி-யில் வந்தவர்கள். இருபது வருடம் வேலை பார்த்த இடத்தில் என்னை அப்படிச் செய்யச் சொன்னால் எனக்கும் கோபம் வரும். சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. சம்பளத்தை நான்கு லெவலாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் ஊரில் ஒரு வேலை பார்க்கிற நூறு பேரைச் சம்பளப்படி நிற்கவைத்தால், கீழிருந்து 17-வது ஆள் வாங்குவது லெவல் 1, 34-வது ஆள் வாங்குவது லெவல் 2, நடுவில் இருப்பவர் வாங்குவது லெவல் 3. ஹெச்-1பி வேலைகளில் அறுபது சதவீதம் அந்த நடுச் சம்பளத்துக்குக் கீழே உள்ள இரண்டு லெவல்களில்தான் காட்டப்படுகின்றன என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2020-ல் கணக்குக் காட்டியது. கிடைக்காத திறமைக்காக ஆள் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சராசரிக்கும் கீழே சம்பளம் கொடுத்தால் யார் நம்புவார்கள்?

வரம்பைவிட அதிகம் பேர் கேட்பதால் யாருக்கு விசா என்று குலுக்கிப் போட்டு எடுக்கும் லாட்டரியிலும் நம்மவர்கள் நடத்தும் கன்சல்டன்சிகள் செய்த வேலை கொஞ்சநஞ்சம் கிடையாது. 2020-ல் பதிவை ஆன்லைனில் வைத்து, ஒரு பெயருக்கு வெறும் 10 டாலர் கட்டணம் என்றார்கள். ஒரே ஆளுக்கு ஐந்து கம்பெனி, பத்து கம்பெனி என்று பெயரைப் போட ஆரம்பித்தார்கள். 2023 மார்ச்சில் பதிவுகள் ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டின, அதில் நாலு லட்சத்துக்கும் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெயர் கொடுத்தவர்களுக்கானவை. ஒழுங்காக ஒரே ஒரு கம்பெனி வழியாகப் பெயர் கொடுத்த பையன்களும் பெண்களும் மூன்று வருடம் தொடர்ந்து குலுக்கலில் விழாமல் திரும்பி வந்தார்கள். அடுத்த வருடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு ஒரே வாய்ப்பு என்று மாற்றியதும் பதிவு சுமார் 4.7 லட்சமாக விழுந்தது, கட்டணத்தை 215 டாலர் ஆக்கியதும் 2025-ல் 3.44 லட்சம். ஒரு சின்ன விதி மாற்றம் எவ்வளவு மோசடியை நிறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சம்பள லெவல் அதிகமாக இருந்தால் குலுக்கலில் பெயர் அதிக முறை போகும் என்று 2025 டிசம்பர் இறுதியில் ஒரு விதி வந்திருக்கிறது. படித்து முடித்ததும் வேலைக்குச் சேர்கிறவர்களை அது பாதிக்கும் என்பது உண்மை. ஆனாலும் சரியான திசையில் போகிற மாற்றம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது சம்பளத்தைக் கேட்கிறது, ஆளின் நாக்கைக் கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 19-ல் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் வேறு வகை. வெள்ளிக்கிழமை கையெழுத்து, சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஞாயிறு பிறந்ததும் அமல். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சொல்லாமலே அறிவித்ததால், ஊருக்கு வந்திருந்தவர்கள் தங்கை கல்யாணத்தை விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள், சான் பிரான்சிஸ்கோவில் புறப்படத் தயாராக இருந்த விமானத்திலிருந்து பயணிகள் இறங்கிவிட்டார்கள். மறுநாள்தான் புது மனுக்களுக்கு மட்டும், ஒரு தடவை மட்டும் என்று விளக்கம் வந்தது. எந்தச் சத்தமும் போடாமல், எந்த விளக்கமும் கேட்காமல் அத்தனை பேர் ஓடினார்களே, பல வருட வாயடைப்பு பழக்கிவிட்ட பழக்கம் அது.

இனி அந்தரங்கத்துக்கு வருவோம். விசா விண்ணப்பமான டிஎஸ்-160-ல் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பது 2019 மே இறுதியில் தொடங்கியது. கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய கணக்குப் பெயர்கள், தொலைபேசி எண்கள், மின்னஞ்சல் முகவரிகள். பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், ரெடிட்டோடு, எப்போதோ மூடிவிட்ட வைனும் கூகுள் பிளஸ்ஸும் கூட இருந்தன. பெயரை மட்டும் கேட்டது வரைக்கும் ஒரு மாதிரி. 2025 ஜூனில் மாணவர் விசாவுக்குப் போகிறவர்கள் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள், ஆறு மாதத்தில் அது ஹெச்-1பி-க்கும் வந்துவிட்டது. தன் கணக்கில் யார் நுழையலாம் என்று ஒருவர் போட்ட பூட்டை அவர் கையாலேயே கழற்றச் சொல்வது பெயரைக் கேட்பதைவிட ரொம்பத் தூரம் தாண்டிய காரியம்.

அதே டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஒரு உள் சுற்றறிக்கை பற்றி எழுதியது. ஹெச்-1பி விண்ணப்பிக்கிறவர்களின் லிங்க்டுஇன் பக்கத்தையும் பயோடேட்டாவையும் பார்த்து, அவர்களோ உடன் வரும் குடும்பத்தாரோ உள்ளடக்கக் கண்காணிப்பு, பொய்ச் செய்தி சரிபார்ப்பு, ஆன்லைன் பாதுகாப்பு போன்ற துறைகளில் வேலை பார்த்திருக்கிறார்களா என்று கவனியுங்கள், அமெரிக்கர்களின் பேச்சுரிமையைத் தணிக்கை செய்ததில் பங்கு இருந்தால் விசா மறுக்கலாம் என்று தூதரக அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துவிட்டது. அந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சிறு பிள்ளைகளைச் சித்திரவதை செய்யும் படங்களை வேறு யார் கண்ணிலும் படாமல் எடுப்பவர்கள் அவர்கள். போலி வங்கிப் பக்கங்களையும், ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிறவர்களின் கணக்குகளையும் முடக்குபவர்கள் அவர்கள். ஹைதராபாத்தில் இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு, காலையில் தூக்கம் வராமல் கிடக்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். கம்பெனிகள் அரசியல் பதிவுகளை நீக்கியதில் தவறுகள் நடந்திருக்கின்றன, அதைப் பற்றி விவாதிக்கலாம். அந்தக் கோபத்தை இணையத்தின் துப்புரவுப் பணியைச் செய்கிறவர்கள் மேல் காட்டினால், நாளைக்கு அந்த வேலைக்கு யார் வருவார்கள்?

ஒரு நாட்டுக்கு யார் வரலாம் என்று பார்க்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. குற்றப் பதிவு, பத்து விரல் ரேகை, கல்விச் சான்று, வேலை விவரம் எல்லாவற்றையும் கேட்கட்டும், கேட்கிறார்கள். கணக்கைத் திறந்து வைக்கச் சொல்வதால் ஆபத்தான ஆள் மாட்டுவாரா என்பதுதான் கேள்வி. கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் கோயில் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் போட்ட ஒரு கணக்கை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, இன்னொன்றை எழுதாமல் விடுவார். மாட்டுவது எல்லாவற்றையும் நேர்மையாக எழுதியவர்தான். சமூக ஊடகச் சோதனைக்காக நடந்த ஆரம்பகட்ட முயற்சிகளைப் பற்றி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரே 2017-ல் அறிக்கை கொடுத்தார். வெற்றியா தோல்வியா என்று அளக்க அளவுகோலே வைக்காமல் அவற்றை நடத்தினார்கள் என்பது அதன் சாரம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, திறந்து வைத்த கணக்கைத் தூதரக அதிகாரி மட்டும் பார்ப்பதில்லை என்பது. 2016 அக்டோபரில் மும்பை பக்கம் தானேயில் போலி கால் சென்டர்கள் மேல் நடந்த ரெய்டு ஞாபகம் இருக்கலாம். வரித் துறையிலிருந்தும் குடியேற்றத் துறையிலிருந்தும் பேசுகிறோம் என்று இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்து, உடனே பணம் கட்டாவிட்டால் கைது, நாடு கடத்தல் என்று மிரட்டிக் கறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்க நீதித் துறையும் அப்படிப்பட்ட கும்பல் ஒன்றின் மேல் வழக்குப் போட்டது, 2018-ல் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அவர்கள் குறிவைத்தவர்களில் புதிதாகக் குடியேறியவர்களும் இருந்தார்கள், ஏனென்றால் பயந்து கிடப்பவரை இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினால் போதும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவரின் இன்ஸ்டாகிராம் திறந்து கிடக்கிறது. மனைவி பெயர் தெரிகிறது, குழந்தை எந்தப் பள்ளிச் சீருடை போட்டிருக்கிறது என்று தெரிகிறது, "ஸ்டாம்பிங்குக்காக சென்னை வந்தாச்சு" என்று போட்ட படம் இருக்கிறது. லிங்க்டுஇன்னில் கம்பெனி இருக்கிறது. ஹெச்-1பி-க்காக நிறுவனம் தொழிலாளர் துறையில் போடும் எல்சிஏ என்ற படிவத்தின் விவரங்களோ ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளவை. நிறுவனம், பதவி, சம்பளம், வேலை செய்யும் முகவரி எல்லாம் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆள் பெயர் அதில் இருக்காது. ஆனால் எட்டுப் பேர் வேலை பார்க்கிற அலுவலகத்தில் எந்த வரி யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சம்பளத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக வைத்த அந்த ஏற்பாடு நல்லதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். அதோடு இந்தத் திறந்த கணக்குகளையும் சேர்த்துவிட்டால், "சார், உங்க 221ஜி கேஸ் விஷயமா பேசறோம்" என்று (221ஜி என்றால் கூடுதல் விசாரணைக்காக நிறுத்திவைத்த விசா விண்ணப்பம்) ஒரு குரல் கூப்பிடும்போது அந்த ஆள் எப்படி நம்பாமல் இருப்பார்? விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் துண்டிக்கும் தைரியம் யாருக்கும் இருக்காது.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. என் கணக்கைத் திறந்தால் என் நண்பர்கள் எழுதிய கமெண்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படமும் சேர்ந்தேதான் திறக்கும். அவர்கள் யாரும் விசா கேட்கவில்லை.

விமான நிலையத்தில் கைபேசியைச் சோதிப்பது தனிக் கதை. அமெரிக்காவுக்குள் ஒருவரைக் கைது செய்தால்கூட நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் போலீஸ் அவர் கைபேசியைக் குடையக் கூடாது என்று 2014-ல் ரைலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. எல்லையில் நடப்பது அப்படிக் கிடையாது, அங்கே பழைய சுங்கச் சோதனை விதிவிலக்கு இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த நெறிமுறைப்படி, அதிகாரி கையால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் சாதாரணச் சோதனைக்குக் காரணமே வேண்டாம், கருவியை இணைத்து நகல் எடுக்கும் சோதனைக்குச் சந்தேகத்துக்கு அடிப்படை வேண்டும், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுக் கைபேசிக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும். 2024 நிதியாண்டில் அப்படிச் சோதித்த கருவிகள் சுமார் 47,000. எல்லா எல்லைகள் வழியாகவும் உள்ளே வந்தவர்களோ சுமார் 42 கோடி. ஆகவே ஒவ்வொருவருக்கும் நடக்கும் என்று பயப்படத் தேவையில்லை. நடந்தால் என்ன ஆகும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பாஸ்கோடு சொல்ல மறுக்கும் அமெரிக்கக் குடிமகனின் கைபேசியை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அவரை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது. விசாவில் வருகிறவர் மறுத்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். காகிதத்தில் மறுக்கும் உரிமை இருவருக்கும் இருக்கிறது, பன்னிரண்டு வருட வரிசையில் நிற்கிறவர் அதைப் பயன்படுத்துவாரா?

2024 டிசம்பரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்து, காட்டாங்குளத்தூரில் பொறியியல் படித்து, பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்த ஸ்ரீராம் கிருஷ்ணனை ட்ரம்ப் தன் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்தார். உடனே ட்ரம்ப் ஆதரவாளர்களிலேயே ஒரு பிரிவினர் அவர் முந்தைய மாதம் எழுதிய ஒரு பதிவைத் தோண்டி எடுத்தார்கள். கிரீன் கார்டில் நாட்டு வரம்பை நீக்குவது நல்லது என்பதுதான் அதில் இருந்த கருத்து. அதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. எலான் மஸ்க் ஒரு பக்கம் நின்றார், கடைசியில் ட்ரம்ப்பே அந்த விசாவைத் தனக்குப் பிடிக்கும் என்று பேட்டி கொடுத்தார். ஒன்பது மாதத்தில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது வேறு விஷயம். வெள்ளை மாளிகைக்குப் போகிற, அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட ஒருவருக்கே ஒரு பதிவால் அவ்வளவு இழுபறி என்றால், டல்லாஸில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் பையன் எதை எழுதத் துணிவான்?

நம் பக்கமும் கை சுத்தமாக இல்லை. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு கன்சல்டன்சிக்கு விவரம் அனுப்பினேன். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், பான் கார்டும், சம்பளச் சீட்டும், பட்டச் சான்றிதழும் வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார்கள், போட்டேன். வேலை ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, நான் கேள்விப்பட்டே இராத ஒரு ஊரிலிருந்து ஒருவர் அழைத்து என் பிறந்த தேதியையும் கடைசிச் சம்பளத்தையும் சொல்லி, வேலை இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அவையும் ஒன்றரை ஆண்டில் கட்டம் கட்டமாகத்தான் முழுசாக அமலாகும். இன்னொரு நாட்டின் தூதரகம் கேட்பதை இந்தச் சட்டம் தடுக்காது. ஆனால் அமைந்தகரையிலோ அமீர்பேட்டையிலோ உட்கார்ந்துகொண்டு ஆயிரம் பேரின் பாஸ்போர்ட் நகலை ஒரு சாதாரண ஜிமெயில் கணக்கில் வைத்திருக்கிறவரைத் தடுக்க முடியும், அதையாவது நாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

போகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டிஎஸ்-160-ல் எதையும் மறைக்காதீர்கள். பொய் சொன்னதாக முடிவாகிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தடை வரலாம், அது எந்தப் பழைய பதிவைவிடவும் மோசம். பயத்தில் மொத்தமாக அழிக்கவும் வேண்டாம். கணக்குகளைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளைகளின் படம், வீட்டு முகவரி, போர்டிங் பாஸ் படம், பிறந்த தேதி, தொலைபேசி எண் இவற்றை மட்டும் எடுங்கள், அது உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கு, அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. பழைய எண்ணோடு இணைந்த கணக்குகளை இப்போதே மாற்றிவிடுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆத்தென்டிகேட்டர் செயலிக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் கைவிட்டுப்போன எண் யாரோ ஒருவரின் கையில் உங்கள் கணக்கின் சாவி. விமானம் இறங்கும் முன் கைபேசியை அணைத்துவிடுங்கள், திரும்பப் போடும்போது கைரேகை வேலை செய்யாது, பாஸ்கோடுதான் கேட்கும். அலுவலக லேப்டாப்பைக் கொண்டுபோவதாக இருந்தால் சோதனையில் கேட்டால் என்ன செய்வது என்று கம்பெனியிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடியேற்றத் துறை என்று சொல்லி யார் போனில் பணம் கேட்டாலும் பேசாமல் வைத்துவிடுங்கள். கிஃப்ட் கார்டில் பணம் வாங்குகிற அரசாங்கம் எங்கேயும் கிடையாது.

மார்ச்சில் அவனுக்குத் தேதி வந்தது. காலை ஏழரைக்கெல்லாம் சென்னையில் அமெரிக்கத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் போய்விட்டோம். பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் ஃபைலோடு வரிசை, பையையும் போனையும் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று தவிப்பவர்கள், கைக்குழந்தையோடு ஒரு ஹெச்-4 பெண். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் அவன் போனை என்னிடம் கொடுத்தான். ஃபேஸ்புக் கணக்கை அவனால் கடைசி வரை திறக்க முடியவில்லை. பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, ஏன் திறக்க முடியவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் தயாராக வைத்திருந்தான், ஏர்செல் என்றால் என்ன என்பதையும் சேர்த்து. இரண்டரை மணி நேரம் அந்த போன் என் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. "என்னடா?" என்றேன். "கிளையன்ட் யாரு, சம்பளம் என்ன, எத்தனை வருஷமா இதே கம்பெனின்னு கேட்டாங்க. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க, அப்ரூவ்டுன்னு சொன்னாங்க. ஃபேஸ்புக் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை மாமா." போனை வாங்கியதும் முதல் வேலையாக இன்ஸ்டாகிராமைத் திறந்தான், பூட்டிவிடலாம் என்று. அமைப்புப் பக்கம் வரைக்கும் போய்விட்டு என்னைப் பார்த்தான்.

"பாஸ்போர்ட் வீட்டுக்கு வரட்டும்டா" என்றேன்.

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.